மங்கோலியர் ஆட்சி ரஷ்யாவையும் சீனாவையும் எப்படி மாத்துச்சு?

மங்கோல் ஆட்சின்னா, செங்கிஸ் கானோட வாரிசுங்க 13ஆம் நூற்றாண்டுல ஜெயிச்ச நாடுகளை ஆண்டது. ஆனா ரெண்டு எடத்துலயும் ஆண்ட விதமே வேற, அதைத்தான் முதல்ல புரிஞ்சுக்கணும். சீனாவுல குப்லாய் கான் 1271ல யுவான் வம்சம்னு அறிவிச்சு, இன்னைக்கு பெய்ஜிங் இருக்குற எடத்துல தலைநகர் கட்டி அங்கயே உக்காந்துட்டாரு, 1279ல தெற்கு சோங் அரசையும் முடிச்சு, பிரிஞ்சு கெடந்த சீனாவை ஒண்ணாக்குனாரு. 1368ல மிங்ங்கிற சீன வம்சம் வந்து மங்கோலியரை விரட்டுனாலும், மங்கோலியர் கொண்டுவந்த மாகாண அமைப்பும் அவங்க ஜெயிச்சு சேர்த்த தென்மேற்குப் பகுதியான யுன்னானும் சீனாவோடயே தங்கிருச்சு.

ரஷ்யாவுல அப்படி இல்ல. வெளியூர் ஹவுஸ் ஓனர், குடியிருக்கறவங்கள்லயே ஒருத்தரை விட்டு வாடகை வசூல் பண்ற மாதிரி, கான்கள் வோல்கா ஓரம் சராய் நகர்ல இருந்துக்கிட்டு உள்ளூர் இளவரசர்களை வச்சு கப்பம் வாங்குனாங்க, ஏன்னா அவங்களுக்கு குதிரை மேய புல்வெளிதான் வேணும், காடு இல்ல. அந்த வசூல் வேலையைப் புடிச்ச மாஸ்கோ இளவரசர் இவான் கலிதா பணமும் செல்வாக்கும் சேர்த்தாரு, சின்ன ஊரா இருந்த மாஸ்கோ பெருசானதுக்கு என்னைப் பொறுத்தவரை இதான் பெரிய காரணம்.

மாஸ்கோ இளவரசர் மங்கோல் படையைத் தோற்கடிச்ச 1380 குலிகோவோ போரோட அங்க மங்கோல் ஆட்சி முடிஞ்சிருச்சுன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, அது தப்பு, ரெண்டே வருஷத்துல தொக்தமிஷ் கான் வந்து மாஸ்கோவை எரிச்சாரு, பிடி முழுசா விட்டது 1480லதான்.