தினமும் ஓடும் காருக்கு எந்த சஸ்பென்ஷன்? கேள்வி பதில்

கோவையில் பதினைந்து வருடமாகக் கார்களின் மேல்பக்கத்தைவிட அடிப்பக்கத்தைத்தான் அதிகம் பார்த்து வருகிறேன். திங்கள் முதல் சனி வரை ஆபீஸுக்கும் ஸ்கூலுக்கும் ஓடிவிட்டு, ஞாயிறு காலை ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி ஏறுகிற வண்டிகள் பற்றித்தான் இந்த முறை வந்த கேள்விகள்.

திருப்பூரிலிருந்து: அண்ணா, என்னுடையது 2015 போலோ ஜிடி டிஎஸ்ஐ, 82,000 கி.மீ. ஓடியிருக்கிறது. வளைவில் ரொம்பச் சாய்கிறது. இப்போதைக்கு வண்டியைத் தாழ்த்தும் லோயரிங் ஸ்பிரிங் மட்டும் போட்டால் போதுமா? ஷாக்கை (ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் ஷாக் அப்சார்பர்) பிறகு பார்க்கலாம் என்று இருக்கிறேன்.

போதாது தம்பி. வரிசையே தலைகீழாக இருக்கிறது. 82,000 கி.மீ. ஓடிய ஷாக், பழைய மெத்தென்ற ஸ்பிரிங்கையே அடக்க முடியாமல் திணறிக்கொண்டிருக்கும். அதன் மேல் இன்னும் கடினமான ஸ்பிரிங்கை வைத்தால் வண்டி குள்ளமாகும், ஆனால் குதிக்கும். போதாததற்கு, உயரம் குறைந்த அளவுக்கு ஷாக் உள்ளே போக மிச்சமிருந்த தூரமும் குறைந்துவிடும். சின்னப் பள்ளத்துக்கே, கடைசியில் தடுக்கும் ரப்பரான பம்ப் ஸ்டாப்பில் போய் இடிக்கும்.

என் முதல் வண்டியில் இதே தப்பைச் செய்தேன். எட்டு மாதத்தில் முன்பக்க ஷாக் இரண்டும் எண்ணெய் கக்கிவிட்டன. பொள்ளாச்சி போய்த் திரும்பியபோது, பின் சீட்டில் இருந்த அம்மா இறங்கியதும் சொன்னது, "பஸ்ஸிலேயே வந்திருப்பேன்."

ஐரோப்பாவிலிருந்து வாங்கும் ஸ்பிரிங்கில் இன்னொரு சிக்கல் உண்டு. நம் ஊர் ரோட்டுக்காக இந்தியப் போலோவை அங்கே விற்றதைவிட உயரமாகவே செய்தார்கள். பெட்டியில் 30 மி.மீ. குறையும் என்று போட்டிருந்தால் அது அங்கத்திய வண்டியின் கணக்கு. நம் வண்டி அதைவிடக் கூடுதலாகவே இறங்கும்.

முதலில் லோயர் ஆர்ம் புஷ் (சக்கரத்தைப் பிடிக்கும் கீழ்க்கையின் ரப்பர்), ஸ்ட்ரட் மவுண்ட் (முன்பக்க ஷாக்கின் மேல் தாங்கி), லிங்க் ராட் (சாய்வைத் தடுக்கும் கம்பியை இணைப்பது) மூன்றையும் பாருங்கள். தேய்ந்ததை மாற்றி நல்ல ஷாக்கும் போட்டு, அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணத்தைச் சரி பார்ப்பது) செய்து இரண்டு மாதம் ஓட்டுங்கள். அப்புறமும் ஸ்பிரிங் வேண்டும் என்று தோன்றினால் வாருங்கள். திரும்பி வந்தவர்கள் குறைவு.

அதே போலோ வைத்திருக்கும் இன்னொருவர், சென்னையிலிருந்து: சார், பில்ஸ்டைன் பி4, பி6, பி8, கோனி மஞ்சள். இதில் எந்த ஷாக்கை எடுப்பது?

பி4 ஏறக்குறைய கம்பெனி ஷாக் போலத்தான். பி6 ஒரிஜினல் உயரத்து ஸ்பிரிங்குக்கானது, பிடிப்பு அதிகம். பி8-உம் அதே ரகம், ஆனால் குட்டை. லோயரிங் ஸ்பிரிங் போட்ட வண்டிக்கு மட்டும்தான் அது. ஒரிஜினல் ஸ்பிரிங்குடன் பி8 போட்டுக்கொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பள்ளத்தில் சக்கரம் கீழே இறங்க இடமில்லாமல் 'டங்' என்று சத்தம் வரும்.

கோனி மஞ்சளில் திருகி மாற்றலாம். ஆனால் மாறுவது ரீபவுண்ட், அதாவது ஷாக் நீளும்போது கொடுக்கும் எதிர்ப்பு மட்டுமே. முன்பக்கம் பானெட்டைத் திறந்து திருகலாம். பின்பக்கம் பல வண்டிகளில் ஷாக்கைக் கழற்றித்தான் திருக வேண்டும், அதனால் முதல் தடவையே யோசித்து வையுங்கள். ஸ்பிரிங்கைத் தொடுவதாக இல்லையென்றால் என் ஓட்டு பி6-க்கு.

ஈரோட்டிலிருந்து: எவ்வளவு ஹார்டாக இருக்கிறதோ அவ்வளவு கிரிப் என்கிறார் நண்பர். உண்மையா?

ரேஸ் டிராக்கில் ஓரளவு உண்மை. அவிநாசி ரோட்டில் இல்லை.

வண்டியின் உடம்பு ஸ்பிரிங் மேல் நொடிக்கு ஒன்று, ஒன்றரை தடவை மெதுவாக ஆடும். சக்கரமோ டயரின் ரப்பருக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே நொடிக்குப் பத்து, பதினைந்து தடவை துள்ளும். இரண்டையும் அடக்க வேண்டியது அதே ஒரு ஷாக்தான். வளைவில் சாயும்போதும் பிரேக்கில் மூக்கு இறங்கும்போதும் ஷாக்கின் கம்பி மெதுவாக நகர்கிறது. பள்ளத்தின் விளிம்பில் அடிக்கும்போது அதே கம்பி படுவேகமாகப் பாய்கிறது. இது கம்பியின் வேகம், வண்டியின் வேகம் அல்ல. இருபதில் ஊர்ந்தாலும் கூரான விளிம்பு கம்பியை வேகமாகத்தான் தள்ளும்.

மெதுவான அசைவில் இறுக்கிப் பிடித்து, வேகமான அடியில் விட்டுக்கொடுப்பதுதான் நல்ல ஷாக். விலை குறைந்த 'ஸ்போர்ட்ஸ்' ஷாக் இரண்டிலும் ஒரே மாதிரி முரண்டு பிடிக்கும். சக்கரம் ரோட்டை விட்டு எழும்பிவிடும். எழும்பிய சக்கரத்துக்கு ஏது கிரிப்?

ரீபவுண்டை அளவுக்கு மீறி இறுக்கினாலும் வம்புதான். அடுக்கடுக்காக மேடு பள்ளம் வந்தால், ஒன்றிலிருந்து ஷாக் நீண்டு முடிப்பதற்குள் அடுத்தது வந்து அமுக்கும். வண்டி கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே உட்கார்ந்து கடைசியில் பம்ப் ஸ்டாப் மேல் ஓடும். ஓட்டுகிறவர் ஸ்பிரிங் ஹார்ட் என்று நினைப்பார், குற்றவாளி ஷாக்.

சந்தேகம் இருந்தால் ஷாக் கம்பி தெரிகிற வண்டியில் அதைச் சுற்றி ஒரு கேபிள் டையை இறுக்கமாகக் கட்டி, கீழே ஷாக்கின் உடம்பைத் தொடும்படி தள்ளி விடுங்கள். தினமும் போகும் வழியில் ஒரு நாள் ஓட்டிவிட்டுப் பாருங்கள். டை எங்கே ஏறி நிற்கிறதோ அதுவரை கம்பி உள்ளே போயிருக்கிறது. பம்ப் ஸ்டாப்பில் போய் ஒட்டியிருந்தால் உங்களிடம் தூரமே மிச்சமில்லை. பத்து ரூபாய்கூட ஆகாத சோதனை.

நாமக்கல்லிலிருந்து: ஸ்பிரிங் இடுக்கில் ரப்பர் பஃபர் வைத்தால் ஐந்து பேர் உட்கார்ந்தாலும் இடிக்காதாமே?

இடிக்காது. ரப்பர் வைத்த இடத்தில் ஸ்பிரிங்கின் சுற்று வேலை செய்வதையே அது நிறுத்திவிடுகிறது, அதனால் ஸ்பிரிங் கடினமாகிறது. ஷாக் பழையபடியே இருக்கும். ஆளில்லாத வண்டி தூக்கிப் போடும். வேண்டாம்.

சென்னை, ஈசிஆரிலிருந்து: ஆக்டேவியா ஆர்எஸ் 230 வைத்திருக்கிறேன். வருடத்தில் மூன்று நான்கு முறை இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்குப் போவேன். காயில்ஓவர் சரியா?

வருடத்தில் நான்கு நாளுக்காக மிச்ச 361 நாளும் அதன் மேல் உட்காரப் போவது நீங்கள்தான் சார். காயில்ஓவர் என்பது ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்த செட், அதன் பெரிய வசதி மரையில் வளையத்தைத் திருகி உயரத்தை மாற்றுவது. பெரும்பாலானவர்கள் அதை ஒரு தடவை கீழே இறக்கி அப்படியே விட்டுவிடுகிறார்கள். கடற்கரை ஓரம் என்றால் உப்புக்காற்றும் மழைத்தண்ணீரும் சேர்ந்து மரையைத் துருப்பிடிக்க வைக்கும். இரண்டு வருடம் கழித்துச் சுத்தியல் இல்லாமல் அந்த வளையம் திரும்பாது.

3.7 கி.மீ. நீள டிராக்கில் முதலில் கைவிடுவது பிரேக்தான். நல்ல பேட், புது பிரேக் ஆயில், நல்ல டயர். அப்புறம் பி8-உம் அதற்கேற்ற மிதமான ஸ்பிரிங்கும். உங்கள் வண்டியில் பின்பக்கம் மல்டிலிங்க் (ஒவ்வொரு சக்கரத்தையும் பல கைகள் தனியாகப் பிடிக்கும் அமைப்பு) என்பதால் அங்கேயும் அலைன்மென்ட் சரி செய்யலாம். போலோக்காரர்களுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. இதெல்லாம் முடித்தும் காயில்ஓவர் வேண்டுமென்றால் வாங்குங்கள், ஆனால் அதிகபட்சம் எவ்வளவு இறங்கும் என்பதைப் பார்த்து வாங்காதீர்கள்.

எவ்வளவு இறக்கலாம் என்று யோசிப்பவர்களுக்கு ஒரு கணக்கு: இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் தரப்படி வேகத்தடையின் உயரம் 10 செ.மீ., அகலம் 3.7 மீட்டர். நம் தெருவில் இருப்பதில் பாதிக்கு மேல் அந்தத் தரத்தைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

கரூரிலிருந்து: பின்னால் தடிமனான ஆன்டி-ரோல் பார் (வளைவில் சாய்வைக் குறைக்கும் கம்பி) போடலாமா?

முன்சக்கர டிரைவ் வண்டி வளைவில் வெளியே ஓடுவது குறையும், ஸ்டீயரிங் சுறுசுறுப்பாகும். ஆனால் மழையில் மலை இறங்கும்போது வளைவு நடுவில் பயந்து ஆக்ஸிலரேட்டரை விட்டால், பின்பக்கம் முன்பைவிடச் சீக்கிரம் வழுக்கும். ஓட்டத் தெரிந்தவருக்குச் சுகம். வீட்டில் நான்கு பேர் ஓட்டும் வண்டிக்கு நான் போடுவதில்லை.

மதுரையிலிருந்து: சக்கரத்தில் 16-லிருந்து 17 இன்ச் போகலாமா?

195/55 ஆர்16-இல் டயரின் பக்கச்சுவர் 107 மி.மீ. 205/45 ஆர்17-இல் 92. பள்ளத்தின் முதல் அடியை வாங்கும் ரப்பரில் 15 மி.மீ. போகிறது, சக்கரத்தின் எடையும் பெரும்பாலும் கூடுகிறது. 16-லேயே நல்ல டயர் போடுங்கள்.

திருச்சியிலிருந்து: புது ஷாக் போட்ட நாளிலிருந்து 'டொக் டொக்' என்கிறது. மெக்கானிக் ஷாக் டூப்ளிகேட் என்கிறார்.

ஷாக்கைச் சந்தேகப்படும் முன் அவர் வேலையைச் சந்தேகப்படுங்கள். ஸ்ட்ரட் மேல் நட் லூஸா, பழைய மவுண்டையே திரும்பப் போட்டாரா, லிங்க் ராட் ஆடுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். லோயர் ஆர்ம் புஷ் போல்ட்டை வண்டி தூக்கியிருக்கும்போதே இறுக்கியிருந்தால், வண்டியைக் கீழே இறக்கியதும் அந்த ரப்பர் முறுக்கியபடியே நிற்கும், சீக்கிரம் கிழியும். லூஸாக்கி, நான்கு சக்கரமும் தரையில் வண்டியின் எடையைத் தாங்கும்போது இறுக்க வேண்டும்.

இதெல்லாம் சரியாக இருந்தால் டிக்கியைத் திறந்து ஜாக்கி உருளுகிறதா பாருங்கள். சிரிக்காதீர்கள், ஒரு வாடிக்கையாளர் வண்டியில் மூன்று நாள் தேடியிருக்கிறேன்.