மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் எப்படி உருவானது? அங்கே என்ன படிக்கலாம்?

தங்கை மகள் விலங்கியல் பி.எஸ்சி. முடித்திருக்கிறாள், மேற்கொண்டு நெல்லையிலேயே சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் அந்தப் பல்கலைக்கழகத்தில்தான் சுற்றுச்சூழல் அறிவியலில் எம்.எஸ்சி. படித்தேன். அதனால் கொஞ்சம் பாசத்தோடுதான் எழுதுவேன், கழித்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். எங்கள் பக்கம் பாதிப் பேர் "எம்.எஸ்.யு.வில் படித்தேன்" என்பார்கள். விசாரித்தால் பாளையங்கோட்டையிலோ நாகர்கோவிலிலோ ஒரு இணைப்புக் கல்லூரியில் படித்திருப்பார்கள், பட்டச் சான்றிதழில் மட்டும் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கும். நீங்கள் கேட்பது அபிஷேகப்பட்டியில் இருக்கும் பல்கலைக்கழகத்தின் சொந்த வளாகத்தையும் அதன் மையங்களையும் பற்றி என்று எடுத்துக்கொள்கிறேன். அங்கே பெரும்பாலும் முதுநிலைப் படிப்புகளும் ஆய்வும்தான்.

எங்கள் ஊர்க் கல்லூரிகள் வயதில் மூத்தவை. பாளையங்கோட்டை தூய சேவியர் கல்லூரி 1923-ல் வந்தது, நாகர்கோவில் ஸ்காட் கிறித்தவக் கல்லூரி அதற்கும் முந்தியது. பல்கலைக்கழகம்தான் இல்லை. நெல்லைக் கல்லூரிகள் முதலில் சென்னையின் கீழ் இருந்தன. குமரி மாவட்டம் 1956 வரை திருவிதாங்கூர் பக்கம். 1966-ல் மதுரைப் பல்கலைக்கழகம் வந்தபின் எல்லோருக்கும் மதுரைதான் கதி. ஒரு சான்றிதழ் வாங்க என் சித்தப்பா ராத்திரி பஸ் ஏறி, விடியற்காலை மதுரை பஸ் ஸ்டாண்டில் முகம் கழுவிக்கொண்டு, நாகமலைப் பக்கம் பல்கலை நகருக்கு இன்னொரு பஸ் பிடித்த கதையை இன்றைக்கும் சொல்வார். சித்தி கட்டிக்கொடுத்த புளியோதரையைப் பற்றித்தான் அதில் பாதி இருக்கும். நாகர்கோவில்காரர்களுக்கு இன்னும் தூரம்.

1990-ல் மதுரையிலிருந்து பிரித்து நெல்லை, தூத்துக்குடி, குமரி மாவட்டங்களுக்கென்று இதைத் தொடங்கினார்கள். 2019-ல் தென்காசி தனி மாவட்டமானதால் இப்போது கணக்கு நான்கு. பெயர்தான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். சுந்தரனார் நெல்லையில் பிறந்தவர் இல்லை. 1855-ல் ஆலப்புழையில் பிறந்தார், நெல்லையில் ஆசிரியராக இருந்தார், திருவனந்தபுரத்தில் தத்துவப் பேராசிரியரானார், 42 வயதில் இறந்தும்விட்டார். அவர் 1891-ல் வெளியிட்ட நாடகம்தான் 'மனோன்மணீயம்'. அதன் வாழ்த்துப் பாடல் வரிகளைத்தான் பள்ளிக்கூடத்தில் தினமும் தமிழ்த்தாய் வாழ்த்தாகப் பாடினோம். மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வாழ்ந்த மனிதரின் பெயர், நெல்லையும் குமரியும் சேர்ந்த பல்கலைக்கழகத்துக்குப் பொருத்தம்தானே.

சரி, படிப்புக்கு வருவோம். அபிஷேகப்பட்டி நெல்லையிலிருந்து தென்காசி சாலையில், பேட்டையைத் தாண்டி இருக்கிறது. 500 ஏக்கருக்கு மேல் பொட்டல். வெயில் காலத்தில் ஒரு துறையிலிருந்து இன்னொன்றுக்கு நடந்தால் தெரியும். கணிதம், இயற்பியல், வேதியியல், கணினி, தமிழ், ஆங்கிலம், வரலாறு, சமூகவியல், மேலாண்மை, தொடர்பியல் என்று வழக்கமானவை எல்லாம் உண்டு. ஆனால் கணிதமோ வணிகமோ மட்டும்தான் வேண்டுமென்றால் வீட்டுக்குப் பக்கத்திலிருக்கும் நல்ல கல்லூரியே போதும் என்பேன். இங்கே வருவதானால் வேறு இடத்தில் எளிதில் கிடைக்காததற்கு வர வேண்டும். குற்றவியல் துறை அப்படி ஒன்று. தமிழ்நாட்டில் அதை முறையாகப் படிக்கக் கிடைக்கும் இடங்கள் குறைவு. கடற்கரை மணலையும் கனிமங்களையும் ஆராயும் புவித் தொழில்நுட்ப மையம் இன்னொன்று.

விலங்கியல் படித்த பெண்ணுக்கு அபிஷேகப்பட்டியைவிட வெளியே இருக்கும் இரண்டு மையங்களைத்தான் சொல்வேன். குமரி மாவட்டம் இராஜாக்கமங்கலத்தில், கடலுக்குப் பக்கத்தில், கடல்சார் அறிவியல் மையம். மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில், ஆழ்வார்குறிச்சியில், ஸ்ரீ பரமகல்யாணி சுற்றுச்சூழல் அறிவியல் மையம். சிவசைலம் கோயில் அம்மனின் பெயர் அது. நான் படித்தது அங்கேதான்.

ஒரு வகுப்பைச் சொல்கிறேன். கடனாநதியில் முழங்கால் தண்ணீரில் நின்று, கல்லைப் புரட்டி, டீ வடிகட்டியால் பூச்சிகளை அள்ளி வெள்ளைத் தட்டில் கொட்டி எண்ணுவோம். ஊருக்கு மேலே ஒரு இடம், குளிக்கும் படித்துறைக்குக் கீழே ஒரு இடம். மேலே தட்டில் ஏழெட்டு வகை நெளியும், கீழே வந்தால் சிவப்பாக ஒரே ஒரு புழு மட்டும் நிறைய இருக்கும். தண்ணீர் கெட்டிருக்கிறது என்பதை எந்தக் கருவியும் இல்லாமல் அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். என்னோடு படித்த ஒருத்தி, பாபநாசத்தில் பரிகாரம் என்று ஆற்றில் விட்டுப்போகும் துணிகளை வைத்தே புராஜெக்ட் செய்தாள். ஈரத்துணி மூட்டையைத் தூக்கித் தராசில் வைக்க நாங்கள் இரண்டு பேர் கூடப் போனோம். வீட்டில் யாரும் இதைப் படிப்பு என்று ஒத்துக்கொள்ளவில்லை என்பது வேறு கதை.

அப்புறம், தொலைநெறிக் கல்வியும் உண்டு. அதில் சேர்வதானால் அந்தப் படிப்புக்கு அந்த ஆண்டு யு.ஜி.சி. அனுமதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். இளநிலைக்குப் புளியங்குடி, நாகம்பட்டி போன்ற ஊர்களில் பல்கலைக்கழகமே தொடங்கிய கல்லூரிகள் இருக்கின்றன, 'மனோ காலேஜ்' என்று கேட்டால் யாரும் வழி சொல்வார்கள்.

சேர்ப்பதற்கு முன் பெண்ணை ஒருநாள் ஆழ்வார்குறிச்சிக்குக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். நெல்லையிலிருந்து தென்காசி போகும் பாசஞ்சரில் இடப்பக்கச் சன்னலோரமாக உட்காரச் சொல்லுங்கள். அம்பாசமுத்திரம் தாண்டியதும் மலை கூடவே வரும்.