ஐஎஸ்ஓ 50 ஃபிலிமும் சிங்கப்பூர் வெயிலும்: வாசகர் கேள்வி-பதில்

தேக்காவில் உச்சி வெயிலில் இல்ஃபோர்டு பேன் எஃப் பிளஸ் (ஐஎஸ்ஓ 50, அதாவது நிறைய வெளிச்சம் கேட்கும் கறுப்பு-வெள்ளை ஃபிலிம்) போட்டு எடுத்தேன். அஞ்சடியில் (கடைகளின் முன்னால் கூரை போட்ட நடைபாதையில்) நின்றவர்கள் எல்லாரும் கரியாகிவிட்டார்கள். மீட்டர் பழுதா? (யீஷூன்)

மீட்டரைத் திட்டாதீர்கள், அது வெளியே கொளுத்தும் தெருவைப் பார்த்துக் கணக்குச் சொல்லியிருக்கும். பேன் எஃப் இயல்பிலேயே கான்ட்ராஸ்ட் தூக்கலான ஃபிலிம். அஞ்சடி நிழலுக்கும் தெருவுக்கும் நாலு ஸ்டாப் வித்தியாசம் சாதாரணமாக இருக்கும் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு). டப்பாவில் 50 என்று போட்டிருந்தாலும் மீட்டரில் 25 என்று வைத்து எடுங்கள், டெவலப் நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கைக் குறையுங்கள். கூடுதல் வெளிச்சத்தில் நிழலுக்குள் முகம் தெரியும், குறைந்த நேரத்தில் வெயில் படும் எதிர்ச் சுவர் வெளிறாமல் ஓரளவு தப்பும். 25-இல் திறந்த வெயிலுக்கு லென்ஸ் திறப்பு எஃப் 5.6, ஷட்டர் 1/250 வினாடி என்றால் அஞ்சடிக்குள் எஃப் 2.8, 1/60 வரை இறங்க வேண்டியிருக்கும். ஒரே படத்தில் இரண்டும் சுத்தமாக வேண்டுமா? சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் போங்கள். பன்னிரண்டு மணிக்கு எந்த ஃபிலிமும் அதைச் செய்யாது.

வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் குழாய்த் தண்ணீரே வெதுவெதுப்பாக வருகிறது. ஃபிலிம் டெவலப் செய்ய 20 டிகிரிக்கு எங்கே போவது? (செங்காங்)

20-ஐப் பிடிக்க மல்லுக்கட்ட வேண்டாம். ஐடி-11 டெவலப்பரைச் சம அளவு தண்ணீரில் கலந்தால் (1+1) பேன் எஃப்புக்கு 20 டிகிரியில் எட்டரை நிமிடம். ஒரு டிகிரி ஏறினால் ஏறக்குறைய பத்து சதவீதம் குறையும். அந்தக் கணக்கில் 28 டிகிரியில் நாலு நிமிடம்கூட வராது. ஐந்து நிமிடத்துக்குக் கீழே போனால் டெவலப்பரை ஊற்றி வடிக்கும் நேரமே பெரிதாகி, வானத்தில் திட்டுத் திட்டாக விழும். பேசினில் தண்ணீர் நிரப்பி, பையில் கட்டிய ஐஸ்கட்டியைப் போட்டு, எல்லா பாட்டில்களையும் அதில் நிற்க வையுங்கள். 22-க்கு வந்ததும் ஆரம்பிக்கலாம்: ஏழு நிமிடம். மேலே 25-இல் எடுக்கும் யீஷூன்காரருக்கு ஐந்தில் ஒரு பங்கு குறைத்து ஐந்தரை.

எடுத்த ரோல்களைச் சேர்த்துவைத்து அப்புறம் கழுவலாமா? (பிடோக்)

மற்றவற்றில் பரவாயில்லை, பேன் எஃப்பில் கூடாது. பதிந்த பிம்பம் மங்கிக்கொண்டே போகும். மூன்று மாதத்துக்குள் முடித்துவிடுங்கள்.

மரினா பே இரவுக் காட்சிக்கு மீட்டர் 30 வினாடி காட்டுகிறது. அப்படியே விடலாமா? (புவன விஸ்தா)

பேன் எஃப் என்றால் ஒன்றரை நிமிடம் திறந்து வையுங்கள். நீண்ட எக்ஸ்போஷரில் ஃபிலிம் சோர்ந்துவிடும். ஃபுஜி அக்ரோஸ் 2-இல் இந்தத் தொல்லை இல்லை, 120 வினாடி வரை மீட்டர் சொன்னதே போதும்.

கல்யாணத்துக்கு ஆர்த்தோ பிளஸ் போட்டேன். பெண்ணின் குங்குமம் மையிட்டது மாதிரி கறுப்பாக இருக்கிறது! (ஜூரோங் வெஸ்ட்)

அரக்குப் புடவையும் கறுத்திருக்குமே? ஆர்த்தோ ஃபிலிமுக்குச் சிவப்பு தெரியாது, நம் மாநிறத்தையும் ஒரு படி கூட்டிக் காட்டும். பழைய ஸ்டூடியோ தோற்றம் பிடித்தவர்களுக்கு அது அழகு, மாமியார்களுக்கு அல்ல. அடுத்த கல்யாணத்துக்குச் சிவப்பும் தெரியும் எஃப்பி4 பிளஸ் ஃபிலிம் போடுங்கள்.

தைப்பூசத்தன்று விடிகாலையில் பெருமாள் கோயில் வாசலில் ஐஎஸ்ஓ 50 சரிவருமா? (உட்லண்ட்ஸ்)

வராது, வெளிச்சம் போதாது; ஐஎஸ்ஓ 400 ஃபிலிம் எடுத்துப் போங்கள். பொழுது விடிந்து காவடிகள் டேங்க் ரோடு பக்கம் நகரும்போது 50-ஐ மாட்டிக்கொள்ளலாம்.