மாறாதது எதன் அழுத்தம்?

"மாறாத அழுத்தத்தில் வெப்பமும் என்தால்பி மாற்றமும் சமம் என்றுதானே படித்தோம்? அப்படியே போட்டால் சில கணக்குகளில் விடை தவறுகிறதே, ஏன்?" என்று கேட்டிருக்கிறீர்கள். (என்தால்பி என்பது அக ஆற்றலோடு, அதாவது பொருளுக்குள் இருக்கும் மொத்த ஆற்றலோடு, அதன் அழுத்தம் × கன அளவைக் கூட்டிய அளவு.) கல்லூரி முதலாண்டில் இதே இடத்தில் சறுக்கி ஐந்து மதிப்பெண்ணை இழந்தவன் நான். அந்தக் கணக்கையே சொல்கிறேன்.

1 மோல் நல்லியல்பு வாயு (மூலக்கூறுகள் ஒன்றையொன்று ஈர்க்காததாகக் கொள்ளும் மாதிரி வாயு), 300 கெல்வினில், பிஸ்டனுக்குள் 10 வளிமண்டல அழுத்தத்தில் அடைபட்டிருக்கிறது. வெளியே 1 வளிமண்டலம், அது மாறுவதில்லை. பிஸ்டனை விடுவித்ததும் வாயு விரிந்து, அதே வெப்பநிலையில் தானும் 1 வளிமண்டலத்துக்கு வந்து நிற்கிறது. வெப்பம் எவ்வளவு?

'மாறாத வெளி அழுத்தம்' என்பதைப் பார்த்ததுமே என் பேனா ஓடிவிட்டது. நல்லியல்பு வாயுவின் என்தால்பிக்கு வெப்பநிலை மட்டுமே கணக்கு, அது மாறவில்லை, ஆகவே என்தால்பி மாற்றம் சுழி, வெப்பமும் சுழி! ஆனால் வாயு பிஸ்டனைத் தள்ளியிருக்கிறதே. வெளி அழுத்தத்தைக் கன அளவின் மாற்றத்தால் பெருக்கினால் 0.9 × 8.314 × 300 (8.314 வாயு மாறிலி; தொடக்கக் கன அளவு இறுதிக் கன அளவில் பத்தில் ஒன்று என்பதால் 0.9), அதாவது சுமார் 2245 ஜூல் வேலை. அக ஆற்றலும் மாறவில்லை என்பதால், அத்தனையும் வெளியிலிருந்து வெப்பமாக உள்ளே வந்திருக்க வேண்டும்.

என்தால்பியின் வரையறையில் இருப்பது வாயுவின் சொந்த அழுத்தம், வெளியில் இருப்பது அல்ல. இங்கே அது 10இல் தொடங்கி 1இல் முடிகிறது. தொடக்க அழுத்தம், இறுதி அழுத்தம், வெளி அழுத்தம் மூன்றும் ஒன்றாக இருந்தால்தான் நீங்கள் படித்த சமன்பாடு செல்லும். நடுவில் என்ன கொந்தளித்தாலும் கவலையில்லை. திறந்த பீக்கரில் துத்தநாகத்தை அமிலத்தில் போட்டால் நுரைத்துப் பொங்கும். இருந்தும் அங்கே சமன்பாடு பொருந்தும். உறுதியான மூடிய கலத்துக்குள் வினையை நடத்தி வெப்பத்தை அளக்கும் பாம் கலோரிமீட்டரில் மாறாதது கன அளவு. அங்கே அளக்கும் வெப்பம் அக ஆற்றல் மாற்றத்தைத் தரும்.

இன்னொரு நிபந்தனையும் உண்டு. பலர் அதைச் சொல்லாமலே விட்டுவிடுகிறார்கள். விரிவடையும் வேலையைத் தவிர வேறு வேலை எதுவும் நடக்கக் கூடாது. துத்தநாகத்தைக் காப்பர் சல்பேட் கரைசலில் போட்டால் மோலுக்குச் சுமார் 218 கிலோஜூல் வெப்பம் வெளிவரும். அதே வினையை, துத்தநாகமும் செம்பும் மின்முனைகளாக உள்ள டேனியல் மின்கலத்தில் மிக மெதுவாக நடத்தினால் ஏறக்குறைய முழுவதும் மின்சாரமாகப் போய்விடும், வெப்பமாகக் கிடைப்பது சொற்பம். இத்தனைக்கும் இரண்டிலும் என்தால்பி மாற்றம் ஒன்றுதான், அழுத்தமும் அறையின் அழுத்தம்தான்.