கராத்தே வகுப்பு: ஏழாவது டானா, இரண்டாவது டானா?

கேள்வி: என் மகளுக்கு எட்டு வயது. கராத்தே வகுப்பில் சேர்க்க நினைக்கிறோம். வீட்டுக்கு அருகே இரண்டு இடங்கள் இருக்கின்றன. ஒன்றில் மாஸ்டர் ஏழாவது டான் (கறுப்பு பெல்ட்டில் படிப்படியாக உயரும் தரம்). ஜப்பானிய குருமார்களில் தொடங்கித் தம் பெயரில் முடியும் பரம்பரைப் பட்டியலைச் சுவரில் மாட்டியிருக்கிறார். ஓராண்டுக் கட்டணம் 18,000 ரூபாயை முன்கூட்டியே கட்ட வேண்டுமாம். மற்றொன்று மொட்டை மாடியில் நடக்கிறது. சொல்லித் தருபவர் இரண்டாவது டான் பெற்ற ஒரு பெண். மாதம் 900 ரூபாய். தகுதியைப் பார்த்தால் முதல் இடம்தானே சரி?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: அந்தப் பட்டியலில் அன்கோ இடோசு என்ற பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். ஜப்பானின் ஒகினாவா தீவில் வாழ்ந்த பெரிய கராத்தே ஆசான் அவர். அவருக்கு எந்த டானும் கிடையாது. டான் முறையை 1883-இல் ஜூடோவில் கொண்டுவந்தவர் ஜிகோரோ கானோ. அதைக் கராத்தேக்கு எடுத்துக்கொண்டவர் இடோசுவின் மாணவர் கிச்சின் ஃபுனகோஷி. தம் மாணவர்களுக்கு அவர் முதன்முதலில் டான் வழங்கியது 1924-இல். இடோசு 1915-இலேயே மறைந்துவிட்டார்.

டான் என்பது பல்கலைக்கழகப் பட்டம் போன்றதன்று. கராத்தேயில் எல்லாருக்கும் பொதுவாக டான் வழங்கும் ஒரே அமைப்பு இல்லை. சங்கம் ஒன்றைத் தொடங்கியவர் தமக்குத் தாமே ஏழு என்று எழுதிக்கொண்டாலும் தடுக்க ஆளில்லை. அதனால் எண்ணை விட்டுவிட்டு, அதைக் கொடுத்தது யார், எந்த ஆண்டு, தேர்வு எங்கே நடந்தது என்று கேளுங்கள். உழைத்துப் பெற்றவர் மகிழ்ச்சியோடு சொல்வார். முகம் சுளித்தால் அதுவே உங்களுக்குப் பதில். டேக்வாண்டோவில் இந்த வேலை எளிது: தென்கொரியாவில் உள்ள குக்கிவோன் என்ற டேக்வாண்டோ தலைமையகம் வழங்கும் சான்றிதழில் எண் இருக்கும், அதைச் சரிபார்த்துக்கொள்ளலாம். அங்கே 15 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கு டான் தருவதில்லை. ‘பும்’ என்ற தனித் தரம்தான்.

பரம்பரையே வீண் என்று நான் சொல்லவில்லை. உங்கள் மகள் எதைக் கற்கப்போகிறாள் என்பதை அது சொல்லும். ஷோட்டோகான் என்ற கராத்தே பிரிவில் கால்களை அகல வைத்துத் தாழ்ந்து நிற்பார்கள். கோஜு ரியூ என்ற பிரிவில் மூச்சுப் பயிற்சிக்கும் நெருங்கி நின்று மோதுவதற்கும் முக்கியத்துவம் அதிகம். நாளை வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனால், அவளுடைய பெல்ட்டை அங்குள்ள வகுப்பு ஏற்குமா என்பதும் இதைப் பொறுத்தது. ஆனால் ஒரு ஜப்பானிய மாஸ்டருடன் எடுத்துக்கொண்ட புகைப்படம் பரம்பரைக்குச் சாட்சி ஆகாது. இரண்டு நாள் பயிற்சி முகாமுக்குப் போனவர்களும் அப்படி எடுத்துக்கொள்வார்கள்.

இனி, இரண்டு இடங்களிலும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். இதைத்தான் மிகவும் வலியுறுத்துவேன். நான் பார்த்த ஒரு வகுப்பில் ஆறு வயதுப் பையன் கட்டைவிரலை உள்ளே வைத்து முஷ்டி பிடித்திருந்தான். அப்படிக் குத்தினால் விரல் முறியும். ஆசிரியர் எண்ணுவதை நிறுத்திவிட்டு அவன் முன் மண்டியிட்டார். விரல்களைப் பிரித்து, சுண்டுவிரலில் தொடங்கி ஒவ்வொன்றாக மடக்கி, கட்டைவிரலை வெளியே குறுக்காக வைத்து, தம் உள்ளங்கையில் குத்தச் சொன்னார். இன்னொரு வகுப்பில் அதே தவறோடு ஒரு சிறுமி அரை மணி நேரம் குத்திக்கொண்டிருந்தாள். முன்னால் நின்ற மாஸ்டர் ஜப்பானிய மொழியில் கம்பீரமாக எண்ணிக்கொண்டிருந்தார். அவளை அவர் ஒரு முறைகூடப் பார்க்கவில்லை. அவர் எத்தனை டானாக இருந்து என்ன பயன்?

மூத்த மாணவர்கள் புதிதாக வந்த பிள்ளையோடு மோதும்போது கையை அடக்குகிறார்களா என்றும் கவனியுங்கள். பெல்ட் தேர்வு ஆண்டுக்கு எத்தனை, கட்டணம் எவ்வளவு, தேறாமல் திரும்பியவர்கள் உண்டா என்று மற்றப் பெற்றோரிடம் விசாரியுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லாரும் தவறாமல் தேறும் இடத்தில் விற்பனைதான் நடக்கிறது. பெற்றோர் உட்கார்ந்து பார்க்கக் கூடாது என்று எந்த இடத்தில் சொன்னாலும், வாசலோடு திரும்பிவிடுங்கள். குழந்தையின் பாதுகாப்பில் எந்தக் குரு பரம்பரைக்கும் சலுகை கிடையாது.

எட்டு வயதுப் பிள்ளைக்குச் சொல்லித்தர, முறையாகப் பெற்ற இரண்டாவது டான் தாராளமாகப் போதும். மாடி வகுப்பை நேரில் பார்த்து மனம் நிறைந்தால், ஒரு மாதம் அங்கே அனுப்பிப் பாருங்கள்.

கேள்வி: ஓராண்டுக் கட்டணம் கட்டிவிட்டேன். பழைய மாஸ்டர் போய்விட்டார். இப்போது நடத்துவது பள்ளி மாணவன். பணத்தைக் கேட்டால், ‘திருப்பித் தரப்படாது’ என்று ரசீதில் அச்சிட்டிருப்பதைக் காட்டுகிறார்கள்.
– ஒரு வாசகர், சேலம்

பதில்: அந்த வரியோடு விஷயம் முடிந்துவிடவில்லை. அந்த மாஸ்டர் பெயரைச் சொல்லித்தான் பணம் வாங்கினார்கள். விளம்பரத் தாள், ரசீது, வாட்ஸ்அப் செய்திகள் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். நடக்காத மாதங்களின் கட்டணத்தைக் கேட்டு, பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள். அசையவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. வகுப்பு மாறிய தேதியைக் கடிதத்தில் மறக்காமல் குறிப்பிடுங்கள்.