அமாவாசையன்று காக்கைக்குச் சோறு வைப்பது ஏன்?

"அமாவாசைக்கும் திதிக்கும் காக்கைக்குச் சோறு வைக்கிறோமே, உண்மையான காரணம் என்ன? கேட்டால் வீட்டில் திட்டுகிறார்கள்" என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்பதில் தப்பே இல்லை. எங்கள் வீட்டில் கேட்டே ஆக வேண்டிய நிலைமை வந்தது.

அப்பாவின் முதல் வருஷத் திதி. அம்மா விடியுமுன்பே குளித்துவிட்டு வாழைக்காய், அவரைக்காய், பருப்பு, வடை, பாயசம் என்று அப்பாவுக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்திருந்தார். மாடிக் கைப்பிடிச் சுவரில் தண்ணீர் தெளித்து உள்ளங்கையால் துடைத்து, இலைத் துண்டில் சோறும் பருப்பும் வைத்து, மேலே ஒரு சொட்டு நெய் விட்டு, "கா... கா..." என்று கூப்பிட்டோம். ஒன்றும் வரவில்லை. ஒன்றரை மணி நேரத்தில் இலையின் ஓரம் சுருண்டு சோறு காய்ந்துவிட்டது. கூட நின்ற உறவினர் ஒருவர், "அண்ணாச்சிக்கு ஏதோ மனக்குறை இருக்கு" என்று சொல்லிவிட்டார். அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கடைசி வாரம் ஆஸ்பத்திரியில் அப்பா ஆசையாகக் கேட்ட இட்லியைக் கொடுக்காமல் விட்டதுதான் அந்தக் குறை என்று அவராகவே நினைத்துக்கொண்டு, மாதக்கணக்கில் அதையே சொல்லி அழுதார்.

அதற்கப்புறம்தான் நான் தேட ஆரம்பித்தேன்.

முதலில் கிடைத்தது குறுந்தொகையின் 210ஆம் பாட்டு. பிரிந்துபோன தலைவன் திரும்பி வந்து, தலைவியை நன்றாகப் பார்த்துக்கொண்டாய் என்று தோழியைப் பாராட்டுகிறான். அவளோ, விருந்து வரும் என்று கரைந்து நம்பிக்கை கொடுத்தது காக்கைதான், நள்ளி என்ற வள்ளலின் காட்டு ஆயர்களுடைய பசு நெய்யில் தொண்டி என்ற ஊரில் விளைந்த நெல்லுச் சோற்றைக் கலந்து ஏழு கலத்தில் அதற்குப் படைத்தாலும் அது குறைவுதான் என்கிறாள். பாடியவருக்குக் காக்கைபாடினியார் என்றே பெயர் நிலைத்துவிட்டது. இந்தப் பாட்டில் பித்ரு இல்லை, சனி இல்லை. உயிரோடு இருக்கும் ஒருவன் வீடு திரும்புவதற்காகக் காக்கைக்குச் சோறு. வள்ளுவரும் தென்புலத்தாரை, அதாவது இறந்த முன்னோரை, பேணச் சொல்கிறார். காக்கை தன் இனத்தைக் கூவி அழைத்து உண்பதையும் பாடுகிறார். ஆனால் இரண்டையும் அவர் முடிச்சுப் போடவில்லை.

முன்னோரோடு காக்கையைச் சேர்க்கும் கதை ராமாயணத்தின் உத்தர காண்டத்தில் இருக்கிறது. மருத்தன் என்ற அரசனின் யாகத்துக்கு ராவணன் வந்தபோது தேவர்கள் பயந்து ஆளுக்கொரு உருவத்தில் ஒளிந்துகொள்கிறார்கள். யமன் காக்கையாகிறான். ஆபத்து நீங்கியதும், 'நீ உண்டால் என் உலகில் பசியோடு இருப்பவர்கள் நிறைவடைவார்கள்' என்று காக்கைக்கு வரம் கொடுக்கிறான். சனிக்கிழமை எள் சாதம் வைப்பதற்குச் சொல்லும் காரணம் வேறு. அங்கே காக்கை சனியின் வாகனம். பொங்கலுக்கு மறுநாள் வரும் கனுவன்று அதே பறவைக்குப் பெண்கள் மஞ்சள் இலையில் சோற்றுப் பிடி வைப்பது உடன்பிறந்தவர்கள் நன்றாக இருக்க வேண்டும் என்று. சோறு வைப்பது ஒன்றுதான், காரணம் இடத்துக்கு இடம் மாறிக்கொண்டே இருக்கிறது.

இப்போது வாட்ஸப்பில் ஓர் 'அறிவியல் காரணம்' சுற்றுகிறது. ஆல விதையும் அரச விதையும் காக்கையின் வயிற்றில் போய் வந்தால்தான் முளைக்குமாம், காக்கை புரட்டாசியில் முன்னோருக்குத் திதி கொடுக்கும் மகாளயபட்ச சமயத்தில்தான் குஞ்சு பொரிக்குமாம், அதனால் நம் முன்னோர் சோறு வைத்தார்களாம். இரண்டும் தவறு. ஆலம்பழத்தை மைனாவும் குக்குறுவானும் வௌவாலும் தின்று விதை பரப்புகின்றன. காக்கையின் வயிற்றில் போகாத விதையும் முளைக்கும். நம் பக்கத்தில் காக்கை கூடு கட்டுவது பெரும்பாலும் கோடையில். குயில் விடாமல் கூவுவது எப்போது என்று யோசித்துப் பாருங்கள். சித்திரை, வைகாசியில்தானே? காக்கைக் கூட்டில் முட்டையிடத்தான் அது அலைகிறது. புரட்டாசியில் இல்லை. பொய்யான அறிவியலை முட்டுக்கொடுத்து நிறுத்த வேண்டிய அளவுக்கு இந்த வழக்கம் பலவீனமானது இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

சரி, அன்றைக்கு ஏன் வரவில்லை? இது எனக்கு முக்கியமான கேள்வியாக இருந்தது. அந்த வீட்டுக்கு நாங்கள் குடிவந்து எட்டு மாதம்தான். அதுவரை மாடியில் ஒரு பருக்கை வைத்ததில்லை. எதிர் மனையில் இருந்த இரண்டு வேப்ப மரங்களையும் வெட்டியிருந்தார்கள். காக்கை புதிய இடத்தையும் புதிய ஆளையும் எளிதில் நம்பாது. அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், முகமூடி போட்டுக்கொண்டு காக்கைகளைப் பிடித்து, பிறகு பறக்க விட்டார்கள். அந்த முகமூடியைப் பல வருடம் கழித்துக் கண்டபோதும் அவை கத்தித் தீர்த்தன. முகத்தை அவ்வளவு நினைவு வைத்திருக்கும் பறவை, வருஷத்துக்கு ஒருநாள் கூப்பிடும் நம்மிடம் எப்படி வரும்?

அம்மாவிடம் இதைச் சொன்னேன். மறுநாளிலிருந்து தினமும் ஒரு பிடி சோறும் மண் சட்டியில் தண்ணீரும் வைக்க ஆரம்பித்தார். நான்கு நாள் எட்டிப் பார்க்கவில்லை. ஐந்தாம் நாள் ஒன்று வந்து தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துவிட்டுப் பறந்துவிட்டது. அடுத்த வாரம் இரண்டாக வந்தன. காய்ந்த வடையைக் கவ்விக்கொண்டு போய்ச் சட்டித் தண்ணீரில் முக்கி ஊறவைத்துத் தின்பதை அம்மாதான் எனக்குக் கூப்பிட்டுக் காட்டினார். இரண்டாம் வருஷத் திதிக்கு, நாங்கள் கூப்பிடுவதற்கு முன்பே மூன்று உட்கார்ந்திருந்தன.

இட்லியைப் பற்றி அம்மா இப்போது பேசுவதில்லை. தினமும் காலை எட்டு மணி வாக்கில் சமையலறை ஜன்னல் கம்பியில் ஒரு காக்கை வந்து கரைகிறது. அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "இருங்க, இன்னும் குக்கர் விசில் வரல" என்கிறார்.