ஸ்டில் போட்டோவுல படம் பண்றது எப்படி: சனிக்கிழமை கேள்வி பதில்

எல்லாருக்கும் வணக்கம். போன வாரம் சொன்ன மாதிரி இன்னைக்கு சாயங்காலம் வரைக்கும் உக்காந்து பதில் சொல்றேன். 22 வருஷமா தென்னாப்பிரிக்கா டர்பன்ல ஸ்டாப் மோஷனும் (பொம்மையைக் கொஞ்சம் கொஞ்சமா நகர்த்தி ஒவ்வொரு போட்டோவா எடுத்து ஓட்டுறது), பழைய போட்டோ வச்சு டாக்குமெண்டரியும் பண்ணிட்டிருக்கேன். அதுக்குள்ள வர்ற கேள்விக்கு விரிவா சொல்றேன், மத்ததுக்கு தெரிஞ்சவங்களக் கேட்டுக்கோங்க.

கேள்வி (முதல் வருஷ ஆர்ட் மாணவி, ரிசர்வாயர் ஹில்ஸ்): அண்ணா, காலேஜ்ல 3 நிமிஷ படம் ஒண்ணு பண்ணச் சொல்லியிருக்காங்க. வீடியோ கூடாது, ஸ்டில் போட்டோ மட்டும்தான். எங்க ஆயா (பாட்டி) மேகசின் பாரக்ஸ்ல, டர்பன் முனிசிபாலிட்டியோட இந்தியத் தொழிலாளிங்க குடியிருப்புல பொறந்தவங்க, நிறவெறி ஆட்சியில அங்கருந்து சாட்ஸ்வர்த்துக்கு அனுப்பின கதையைச் சொல்லணும்னு ஆசை. எத்தனை போட்டோ வேணும், எங்க ஆரம்பிக்கிறது?

தங்கச்சி, போட்டோவுல ஆரம்பிக்காதீங்க, ஆயா குரல்ல ஆரம்பிங்க. போனை பக்கத்துல வச்சு ஒரு மணி நேரம் பேச விடுங்க, துணி மாட்டியிருக்கிற ரூம் நல்லது, எதிரொலி இருக்காது, சாயங்காலம் வேணாம், ஹடீடா பறவை கத்த ஆரம்பிச்சா எதுவும் கேக்காது. அதுல இருந்து ரெண்டரை நிமிஷம் வெட்டி எடுங்க. அப்புறம்தான் படம்.

எத்தனை போட்டோன்னா, நீங்க எந்த மாதிரி படம் பண்றீங்கன்னு பொறுத்தது. போட்டோவை ஒண்ணு பின்னாடி ஒண்ணா வேகமா ஓட்டி அசையிற மாதிரி காட்டணும்னா செகண்டுக்கு 24 ஃப்ரேம் (ஒரு ஃப்ரேம்னா திரையில வந்து போற ஒரு படம்), ஒவ்வொரு போட்டோவையும் ரெண்டு ஃப்ரேம் வச்சா 12 போட்டோ, 3 நிமிஷத்துக்கு 2160 போட்டோ. உங்க கதைக்கு அது வேணாம். ஒவ்வொரு போட்டோவையும் நிறுத்திக் காட்டுற படம்தான் உங்களுது, அதுக்கு 25, 30 போட்டோ தாராளம், 15லயே பண்ணா இன்னும் நல்லா வரும்.

எல்லாத்தையும் அஞ்சஞ்சு செகண்ட் வச்சு அடுக்கிடாதீங்க, அது கல்யாண ஹால்ல ஓடுற ஸ்லைட் ஷோ. ஒவ்வொரு போட்டோவுலயும் கண்ணு எவ்ளோ நேரம் வேலை செய்யுதுன்னு பாருங்க. எங்க அம்மா கல்யாண போட்டோ ஒண்ணு இருக்கு, உள்ளங்கை அளவுதான், சின்ன வயசுலருந்து பார்த்த போட்டோ. படத்துக்காக ஸ்கேன் பண்ணி பெருசாக்கினப்பதான் பார்த்தேன், ஓரத்துல நிக்கிற பெரியம்மா கை அம்மா முதுகுப் பக்கமா போய் புடவையைப் பிடிச்சிட்டிருக்கு, விரல் நாலு மட்டும் தெரியுது. புடவை நழுவுதோ, இல்ல அம்மா பயந்து நின்னாங்களோ, கேக்கறதுக்கு இப்ப ரெண்டு பேருமே இல்ல. படத்துல முழு போட்டோவை 7 செகண்ட் நிறுத்தினேன், அப்புறம் கட் பண்ணி அந்த விரல் மட்டும் 4 செகண்ட். ஜூம் கிடையாது, மியூசிக் கிடையாது. படத்தைப் போட்ட எடத்துல எல்லாம் யாராவது ஒரு அக்கா "புடவையைப் பிடிச்சிருக்கா பாரு"ன்னு சொல்லிடுவாங்க. ஆயா போட்டோவுலயும் அந்த மாதிரி ஒரு விரல் இருக்கும், அதைத் தேடுங்க.

பார்க்க வேண்டிய படம் ஒண்ணு. எர்னஸ்ட் கோல், நம்ம நாட்டு போட்டோகிராபர், 1967ல வந்த அவர் புத்தகத்தை இங்க தடை பண்ணாங்க, 1990ல நியூயார்க்ல இறந்துட்டார். 2017ல ஸ்வீடன்ல ஒரு பேங்க் லாக்கர்ல இருந்து அவரோட சுமார் 60,000 நெகட்டிவ் வெளிய வந்துச்சு. டைரக்டர் ரவுல் பெக் 2024ல அவரைப் பத்தி எடுத்த படத்துல பெரும்பகுதி அவர் எடுத்த போட்டோதான். எந்த போட்டோ எவ்ளோ நேரம் நிக்குது, எங்க கட் ஆகுதுன்னு வாட்ச்சைக் கையில வச்சுக்கிட்டுப் பாருங்க.

கேள்வி: எந்த ஆப் நல்லது?

ஸ்டாப் மோஷனுக்கு போன்ல ஸ்டாப் மோஷன் ஸ்டுடியோ, எடிட்டிங்க்கு கம்ப்யூட்டர்ல டாவின்சி ரிசால்வ். ரெண்டுக்கும் ஃப்ரீ வெர்ஷன் இருக்கு, படிக்கிறவங்களுக்கு அது போதும்.

கேள்வி (தம்பி, பீனிக்ஸ்): களிமண் பொம்மை வச்சு 300 போட்டோ எடுத்தேன். ஓட்டிப் பார்த்தா வெளிச்சம் பளிச் பளிச்சுனு அடிக்குது, பொம்மை வேற நடுவுல குதிக்குது. ஏன்?

ஆட்டோவை அணைங்க. இதை நான் இன்னைக்கு பத்து தடவை சொல்வேன். எக்ஸ்போஷர் (உள்ள வர்ற வெளிச்சத்தோட அளவு), ஐஎஸ்ஓ (அந்த வெளிச்சத்தை கேமரா எவ்ளோ ஏத்திக் காட்டுது), ஒயிட் பேலன்ஸ் (கலர் மஞ்சளா நீலமா), ஃபோகஸ் நாலும் மேனுவல்ல இருக்கணும். ஆட்டோவுல விட்டா கேமரா ஒவ்வொரு கிளிக்குக்கும் புதுசா யோசிக்கும், பொம்மை கை நகர்ந்து நிழல் கொஞ்சம் மாறினாலே வெளிச்சத்தை ஏத்தும், இறக்கும், அதுதான் உங்க பளிச் பளிச். அடுத்தது ஜன்னல். கறுப்புத் துணி போட்டு முழுசா மூடுங்க, 300 போட்டோ எடுக்கறதுக்குள்ள சூரியன் பாதி வானம் போயிடும். நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதாவது செகண்டுக்கு 50 சுத்து, மட்டமான எல்ஈடி பல்பு அதோட சேர்ந்து மினுக்கும், ஷட்டரை (ஒரு கிளிக்குக்கு வெளிச்சம் உள்ள வர்ற நேரம்) 1/25 இல்லன்னா 1/50 செகண்ட்ல வைங்க. வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு எடுக்காதீங்க, உங்க சட்டை வெளிச்சமே பொம்மை மேல விழும், கறுப்பு போட்டுக்கிட்டு கிளிக் பண்றப்ப எப்பவும் ஒரே எடத்துல நில்லுங்க. இதெல்லாம் பண்ணியும் மினுக்கினா லென்ஸ்தான், ஒவ்வொரு தடவையும் அப்பர்ச்சர் (லென்ஸ் உள்ள வெளிச்சம் வர்ற ஓட்டை) ஒரு மயிரிழை வித்தியாசமா மூடும், கையால அப்பர்ச்சர் திருப்புற பழைய லென்ஸ் ஒண்ணு அடாப்டரோட போட்டா தீரும்.

குதிக்கிறது ட்ரைபாட் ஸ்டாண்டால. நான் ஆரம்பத்துல மரத்தரை போட்ட ரூம்ல ரெண்டு நாள் எடுத்தேன், நான் நடக்க நடக்க பலகை அழுந்தி ட்ரைபாட் சாஞ்சிருக்கு, ரெண்டு நாள் வேலையும் போச்சு. சிமெண்ட் தரையில வைங்க, கால் மூணையும் டேப் போட்டு ஒட்டுங்க, ஸ்கிரீன்ல தொடாம ரிமோட்ல கிளிக் பண்ணுங்க.

கேள்வி: என்ன கேமரா வாங்கலாம்? 8000 ராண்ட் இருக்கு.

போன் இருக்கில்ல? கேமரா வேணாம். அந்தக் காசுல நல்ல ட்ரைபாட், ரெண்டு லைட், ஸ்கேனர் வாங்குங்க.

கேள்வி (ஒரு அக்கா, டோங்காட்): பழைய ஆல்பம் போட்டோவை எவ்ளோ டிபிஐல ஸ்கேன் பண்ணணும்? பசை ஆல்பத்துல ஒட்டிக்கிட்டிருக்கு, பிச்சு எடுக்கலாமா?

பிய்க்காதீங்க அக்கா, தயவுசெஞ்சு. மேல் தோல் உரிஞ்சு வந்துடும், திரும்ப ஒட்ட முடியாது. ஆல்பத்தோடயே ஸ்கேனர்ல வைங்க, வைக்க முடியலன்னா மேலருந்து நேரா போட்டோ எடுங்க, ரெண்டு பக்கமும் 45 டிகிரியில லைட், ஃபிளாஷ் வேணாம். டிபிஐன்னா ஒரு இன்ச்சுக்கு எத்தனை புள்ளி, கணக்கு சிம்பிள்: 6க்கு 4 இன்ச் போட்டோவை 300ல பண்ணா 1800 பிக்சல் அகலம்தான் வரும், சாதாரண எச்டி படத்துக்கே 1920 வேணும், பத்தாது. 600ல 3600 வரும், 1200ல 7200. உள்ள ஒரு முகத்தை மட்டும் காட்டணும்னா 1200. நெகட்டிவ் எங்கயாவது கெடக்கான்னு முதல்ல வீட்டுல இருக்கிற பழைய டின், பெட்டியெல்லாம் தேடுங்க, பிரிண்ட்டை விட அதுல விவரம் ஜாஸ்தி.

கேள்வி: அண்ணா ட்ரோன்ல கல்யாணம் ஷூட் பண்ண எந்த செட்டிங்?

என் வேலை இல்லப்பா, ட்ரோன் ஓட்டுறவங்களக் கேளுங்க.

கேள்வி (படம் வரையிற தம்பி, மெர்பேங்க்): எனக்கு வரைய மட்டும்தான் தெரியும். நான் இதுல ஏதாவது பண்ண முடியுமா?

உங்களுக்குத்தான் இந்த நாட்டுலயே பெரிய வாத்தியார் இருக்காரு. வில்லியம் கென்ட்ரிட்ஜ், ஜோஹன்னஸ்பர்க்காரர், 1989லருந்து இப்படித்தான் படம் பண்றார். ஒரே தாள், கரித்துண்டு. வரைவார், கேமராகிட்ட நடந்து போய் ஒரு கிளிக், திரும்பி வந்து கொஞ்சம் அழிச்சு கொஞ்சம் மாத்தி வரைவார், மறுபடியும் நடை, கிளிக். கரி முழுசா அழியாது, முன்ன இருந்த கோடு சாம்பலாத் தெரியும், ஒரு ஆள் நடந்து போனா அவன் போன வழி தாள்லயே நிக்கும். போனை சுவத்துப் பக்கம் பார்த்து கட்டிட்டு இன்னைக்கே ஆரம்பிங்க, 5 செகண்டுக்கு 60 கிளிக். ஆட்டோவை அணைங்க.

கேள்வி: நல்ல ஆப் ஏதாவது சொல்லுங்க அண்ணா, ஃப்ரீயா.

மேல இருக்கு.

கேள்வி (ஒரு அண்ணன், சாட்ஸ்வர்த்): எங்க ஆயா போட்டோவை ஏஐ ஆப்ல போட்டேன், கண்ணைச் சிமிட்டி திரும்பிப் பார்த்து சிரிக்கிறாங்க! படத்துல அப்படியே போடலாம்ல?

வேணாம்னு சொல்வேன். அந்தச் சிரிப்பு உங்க ஆயாது இல்ல. எத்தனையோ பேர் முகத்தைப் பார்த்து மெஷின் கத்துக்கிட்ட சிரிப்பை எடுத்து அவங்க வாயில வச்சிருக்கு. போட்டோல இல்லாத பல்லு, இல்லாத கழுத்துத் திருப்பம், எல்லாம் ஊகம்.

அதே அண்ணன்: நீங்க சொல்றது ஏத்துக்க முடியல. எங்க அம்மாவுக்கு 6 வயசுல ஆயா தவறிட்டாங்க. அம்மா அந்த வீடியோவைப் பார்த்து அழுதாங்க, நாலு நாளா தினம் பார்க்கிறாங்க. 60 வருஷம் கழிச்சு ஒரு மகளுக்கு அம்மா சிரிச்சா, அதுல என்ன தப்பு கண்டீங்க?

இன்னொரு அக்கா: அதானே. கறுப்பு வெள்ளை போட்டோவுக்கு கலர் போடுறதும் ஊகம்தான, அதை யாரும் கேக்கறதில்லையே.

அண்ணா, அம்மா பார்க்கிறதுல எந்தத் தப்பும் இல்ல, அதை நான் தொடவே மாட்டேன். அது உங்க வீட்டுக்குள்ள. நீங்க கேட்டது படத்துல போடலாமான்னு. படம்னா ஆயாவைத் தெரியாதவங்க பார்ப்பாங்க, அவங்களுக்கு ஆயா இப்படித்தான் சிரிச்சாங்கன்னு பதிஞ்சிடும். டர்பன்ல நம்ம ஜனங்க இருந்த மேகசின் பாரக்ஸையும் கேட்டோ மேனரையும் காலி பண்ண வச்சப்ப நம்ம ஜனங்க கையில எடுத்துட்டு வந்தது ஒரு பெட்டி போட்டோ, பல வீட்டுல அதுவும் இல்ல. மிச்சம் இருக்கிற சாட்சியில நாமளே பொய்யைக் கலந்தா பின்னாடி எது நிஜம்னு யாரு சொல்றது? அக்கா, கலருக்கும் அதேதான், போட்டா கலர் நாங்க போட்டதுன்னு படத்துலயே எழுதுங்க.

இன்னொண்ணு, இது தொழில் விஷயம். 1962ல கிறிஸ் மார்க்கர் பிரான்ஸ்ல ஒரு படம் பண்ணார், லா ஜெத்தே, 28 நிமிஷம், முழுக்க ஸ்டில் போட்டோ. நடுவுல ஒரே ஒரு எடத்துல மட்டும் சில செகண்ட் நிஜ அசைவு: படுத்திருக்கிற பொண்ணு கண்ணைத் திறந்து நம்மளப் பார்த்து சிமிட்டுறா. நான் அதை முதல் தடவை பார்த்தப்ப மூச்சே நின்னுடுச்சு. அத்தனை நேரம் எதுவும் அசையாம இருந்ததாலதான் அந்தச் சிமிட்டலுக்கு அவ்ளோ பலம். அவ கண்ணு, அவ சிமிட்டினது. எல்லா போட்டோவையும் அசைய விட்டா அந்தப் பலம் எங்கயும் இருக்காது.

அதே அண்ணன்: யோசிக்கிறேன். இப்ப தங்கச்சிகிட்ட காட்டினேன், அவ சொல்றா, அம்மா எப்பவும் சொல்வாங்களாம், ஆயாவுக்கு மேல் வரிசையில ரெண்டு பல்லு கிடையாது, அதான் போட்டோவுக்கு வாயை மூடியே நிப்பாங்கன்னு. வீடியோல முழு வரிசை இருக்கு. தலை திரும்புறப்ப மூக்குத்தி வேற காணாமப் போகுது.

அண்ணா, அந்த மூடின வாயைப் படத்துல போடுங்க. மேல அம்மா குரல்ல அந்தப் பல்லு கதை. 10 செகண்ட் நிறுத்துங்க.

கேள்வி: ஸ்டுடியோவுல காசு கொடுத்து எடுத்த பழைய போட்டோவைப் படத்துல போட ஸ்டுடியோகிட்ட அனுமதி வேணுமா?

நம்ம 1978 காப்பிரைட் சட்டப்படி, வேற ஒப்பந்தம் இல்லேன்னா காசு கொடுத்து எடுக்கச் சொன்னவருக்குத்தான் உரிமை. போட்டோவுக்கு காலம் 50 வருஷம், வெளியிட்டதுன்னா வெளியிட்ட வருஷ முடிவுலருந்து, இல்லன்னா எடுத்த வருஷ முடிவுலருந்து. டிவிக்கு, ஃபெஸ்டிவலுக்கு அனுப்புறதா இருந்தா வக்கீலைப் பாருங்க.

கேள்வி: சினிமா பாட்டு போடலாமா?

அனுமதி வாங்காம கூடாது.

கேள்வி: போட்டோ எல்லாத்துக்கும் ஸ்லோ ஜூம் போட்டா உயிரா இருக்கும்ல?

இல்ல. படத்துல ஒண்ணு, ரெண்டு எடம். காரணம் இருந்தா மட்டும்.

கேள்வி: எந்த கேமரா வாங்கினா…

மேல பாருங்க. கேமரா, ஆப் கேள்விக்கு இனி பதில் இல்ல.

கேள்வி (முதல் கேள்வி கேட்ட மாணவி): அண்ணா, ஆயாகிட்ட போன்ல பேசினேன். பாரக்ஸ் போட்டோ வீட்டுல மொத்தமே 4தான் இருக்காம். அதுல ஒண்ணு பாதி கரையான் அரிச்சது. 3 நிமிஷம் வராதே?

வரும் தங்கச்சி. நாலையும் போடுங்க, அரிச்சதை சரி பண்ணாம அப்படியே போடுங்க. நடுவுல இப்ப நீங்க எடுக்கிற போட்டோ: ஆயா அந்த போட்டோவைப் பிடிச்சிருக்கிற கை, எந்தப் பெட்டியில இருந்துச்சோ அந்தப் பெட்டி, சாட்ஸ்வர்த் வீட்டு வாசல். ஆயா பேசுறது மட்டும் ஓடட்டும், சில எடத்துல ஸ்கிரீன் கறுப்பா இருந்தாலும் பரவால்ல. நாளைக்குப் போறப்ப கரையான் அரிச்ச போட்டோவை ஒரு தடிமனான அட்டை மேல வச்சுத் தூக்குங்க, விரலால மூலையைப் பிடிக்காதீங்க. போன்ல ஆட்டோவை அணைங்க.